சூரிச்: இருவர், கைக்கு அடங்கிய செலவு

சூரிச்சில் இறங்கியதும் முதலில் கண்ணில் அறைவது விலைப்பலகைதான். ஒரு காப்பி 5 பிராங்குக்கு மேல். உட்கார்ந்து சாப்பிடும் சாதாரண மதிய உணவு ஆளுக்கு 20 முதல் 25 பிராங்க். ஒரு பிராங்கை நூறு ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போட்டாலே தலை சுற்றும், உண்மையில் அதற்கும் மேலேயே வரும். ஆனால் இரண்டு நாள் சுற்றினால் இந்த விலைகளுக்குள் இருக்கும் ஒழுங்கு பிடிபட்டுவிடும். யாராவது நமக்காகச் சமைக்கவோ பரிமாறவோ வேண்டியிருக்கும் இடத்தில் செலவு எகிறுகிறது, ஏனென்றால் இங்கே கூலி அதிகம். ஏரி, ஆறு, மலை, குடிநீர் என்று ஊருக்குப் பொதுவானதெல்லாம் இலவசம் அல்லது மலிவு. சிக்கனத்தை ஓட்டல் மேசையில் காட்டுங்கள், ரயில் டிக்கெட்டில் காட்டாதீர்கள்.

ரயில் நிலையம் விமான நிலையத்துக்கு அடியிலேயே இருக்கிறது. ஊரின் மைய நிலையத்தை எல்லோரும் ஹெச்.பி. என்கிறார்கள், அங்கே போக 10 முதல் 12 நிமிடம். ஒருவழி டிக்கெட் ஏறக்குறைய 7 பிராங்க். இங்கே கட்டணம் மண்டலக் கணக்கில்தான். அதே மண்டலங்களுக்கு 24 மணி நேர டிக்கெட் அதைப்போல் இரண்டு மடங்கு விலைதான், அன்று முழுவதும் டிராம், பஸ், உள்ளூர் ரயில் எல்லாவற்றிலும் செல்லும். அதனால் வந்திறங்கும் நாளில் ஒருவழி டிக்கெட் வாங்குவது வீண்.

டிக்கெட் இயந்திரத்தில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. திரையில் 1/1, 1/2 என்று இரண்டு விலை தெரியும். பாதி விலை, 6 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கும் பாதிக்கட்டண அட்டை வைத்திருப்பவர்களுக்கும் மட்டும். அட்டை இல்லாதவர் அதை வாங்கினால் சரியான டிக்கெட் இல்லை என்றே பொருள். நிலையத்தில் கதவோ தடுப்போ கிடையாது, ஆனால் சோதனையாளர்கள் சாதாரண உடையிலும் வருவார்கள். பிடிபட்டால் கூடுதல் கட்டணம் 100 பிராங்க் அளவில் போகும், தெரியாமல் செய்தேன் என்பது எடுபடாது. பெட்டியின் வெளிப்புறத்தில் 1 என்று எழுதியிருந்தால் அது முதல் வகுப்பு. கூட்டத்தில் அவசரமாக ஏறி அங்கே உட்கார்ந்தாலும் இதே கதிதான்.

ஊருக்குள் மட்டும் சுற்றும் நாளுக்கு நகர மண்டலமான 110இன் 24 மணி நேர டிக்கெட் போதும், 9 பிராங்கை ஒட்டி வரும். வெளியூர் போகும் நாளுக்கு 9 மணி பாஸ் என்ற ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். வார நாட்களில் காலை 9 மணியிலிருந்து மறுநாள் விடிகாலை 5 மணிவரை, சனி ஞாயிறுகளில் நாள் முழுவதும், இசட்.வி.வி. எனப்படும் சூரிச் போக்குவரத்துக் கூட்டமைப்பின் எல்லா மண்டலங்களிலும் செல்லும். ரைன் அருவிக்குப் போக இதைவிட மலிவான வழி எங்களுக்குத் தெரியவில்லை. 150 மீட்டர் அகலத்தில் 23 மீட்டர் கீழே பாயும் அருவி அது. வின்டர்தூர் போய் அங்கிருந்து ஷ்லோஸ் லாஃபன் நிலையத்தில் இறங்கினால் பாஸ் அதுவரை செல்லும். அங்குள்ள லாஃபன் கோட்டைப் பக்கத்து மேடைகளுக்குக் கட்டணம் உண்டு. ரயில் பாலத்தை ஒட்டிய நடைபாதையில் அக்கரைக்குப் போய்விட்டால் அருவி முழுவதையும் காசில்லாமல் பார்க்கலாம்.

தங்குமிடத்தில் இருவருக்கான கணக்கு தனி. விடுதியில் ஆளுக்கொரு படுக்கை எடுத்தால் மலிவு என்று தோன்றும். இரண்டு படுக்கைகளின் விலையைக் கூட்டி, எளிய இருவர் அறையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பல தேதிகளில் வித்தியாசம் மிகக் குறைவு. காலைச் சாப்பாடு சேர்ந்ததா என்பதையும் பாருங்கள், இந்த ஊரில் அது இருவருக்கு 30 பிராங்க் மிச்சம். பழைய நகரத்தில் அறை தேட வேண்டாம். ஓர்லிகோன், ஆல்ட்ஷ்டெட்டன் போன்ற இடங்களிலிருந்து ஹெச்.பி. 6, 7 நிமிட ரயில் தூரம்தான். பதிவின்போது காட்டும் விலைக்கு மேல் ஆளுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று நகர வரி தனியாக வரலாம்.

சமையலறையுள்ள வீடு எடுத்தால் குப்பையைப் பற்றி முதலிலேயே கேட்டுவிடுங்கள். இங்கே கட்டணம் செலுத்திய ஸூரி-சாக் என்ற பையில்தான் குப்பை போட வேண்டும். ஒரு 35 லிட்டர் பை 2 பிராங்கைச் சுற்றி வரும். கடையில் கொடுத்த பையில் கட்டித் தெருவில் வைத்தால் அபராதம். கண்ணாடிப் புட்டிகளைத் தொட்டியில் போடுவதும் ஞாயிற்றுக்கிழமை கூடாது, சத்தம் கேட்குமாம்.

சாப்பாட்டுச் செலவு முழுவதும் மிக்ரோஸ், கோப், டென்னர், ஆல்டி, லிடில் ஆகிய ஐந்து கடைகளில் அடங்கிவிட வேண்டும். மிக்ரோஸில் எம்-பட்ஜெட் என்ற பச்சைப் பொட்டலங்களும், கோப்பில் பிரி கரன்டி என்ற இளஞ்சிவப்புப் பொட்டலங்களும் அந்தந்தக் கடையின் மலிவுச் சரக்கு. ரொட்டி, பால், தயிர், பாஸ்தா, சீஸ் எல்லாம் அதில் உண்டு, தரத்தில் குறை சொல்ல முடியாது. கடை மூடும் நேரத்தை ஒட்டி ரொட்டி, சாலட், இறைச்சி மீது 25%, 50% ஒட்டுத்தாள்கள் விழும். மாலையில் ஒருமுறை எட்டிப் பார்த்தால் இரவுச் சாப்பாடு பாதி விலையில் முடிந்துவிடும். மிக்ரோஸிலும் கோப்பிலும் பழம், காய்கறியை நாமே எடைபோட வேண்டும். விலைச்சீட்டில் உள்ள எண்ணைத் தராசில் அழுத்தினால் ஒட்டுத்தாள் வரும், அதைப் பையில் ஒட்டுங்கள். மறந்தால் வரிசையின் முனையிலிருந்து திரும்ப ஓட வேண்டியதுதான். ஆல்டி, லிடிலில் இந்த வேலை காசாளருடையது.

சனிக்கிழமை மாலையே ஞாயிறுக்கும் சேர்த்து வாங்கி வைத்துவிடுங்கள். ஞாயிறு அன்று ஊர்க் கடைகள் மூடியிருக்கும், ஹெச்.பி., ஸ்டாடல்ஹோஃபன் ரயில் நிலையம், விமான நிலையம் போன்ற இடங்களில் உள்ளவை மட்டும் திறந்திருக்கும். அங்கே கூட்டம் அலைமோதும்.

சைவர்கள் ஒருமுறையாவது வெளியே சாப்பிட ஆசைப்பட்டால் 1898இல் தொடங்கிய ஹில்ட்ல் இருக்கிறது. எடைக்கு விலை போடும் பஃபேயும் உண்டு. தட்டை எடைபோடுவதால் சோறும் குழம்பும் அள்ளினால் விலை ஏறும், வறுவல், கீரை பக்கம் சாய்ந்தால் இறங்கும். ஓட்டல் எதிலும் தண்ணீர் இலவசம் என்று எண்ண வேண்டாம், குழாய்த் தண்ணீருக்கும் சில இடங்களில் காசு. சேவைக் கட்டணம் விலையிலேயே சேர்ந்திருக்கிறது. சில்லறையை மேலே ஏற்றிக் கொடுத்தால் போதும்.

தண்ணீர் புட்டியை மட்டும் இந்த ஊரில் விலைக்கு வாங்காதீர்கள். நகரத்தில் 1,200க்கும் மேற்பட்ட நீரூற்றுகள் இருக்கின்றன, குளிர்ந்த சுத்தமான குடிநீர் இரவும் பகலும் கொட்டுகிறது. "கைன் ட்ரிங்க்வாசர்" (குடிநீர் அல்ல) என்று பலகை இருந்தால் மட்டும் குடிக்கக் கூடாது. ஒரு நகரம் தன் வாசலில் வந்து நிற்கும் யாருக்கும் இப்படித் தண்ணீர் வைத்திருப்பது மனசை நிறைக்கிறது.

கிளம்பும்முன் மூன்று சிறு விஷயங்கள். நாணயம் யூரோ அல்ல. சில கடைகள் யூரோ வாங்கினாலும் மீதி பிராங்கில்தான் வரும். அட்டை தேய்க்கும்போது ரூபாயிலா பிராங்கிலா என்று இயந்திரம் கேட்டால் பிராங்கைத் தேர்ந்தெடுங்கள், ரூபாயில் என்றால் மாற்று விகிதத்தில் பணம் போய்விடும். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆகவே "ஐரோப்பா முழுவதும்" என்று விற்கப்படும் சிம்மில் இந்த நாடு உண்டா என்று படித்துப் பாருங்கள். மின் பிளக்கும் தனி வகை. மெல்லிய இரண்டு முள் பிளக் நுழையும், ஜெர்மனியில் பயன்படும் உருண்டையான தடித்த பிளக் குழிக்குள் இறங்காது.

காசில்லாமல் அரைநாள் நடக்க ஹெச்.பி.யிலிருந்து தெற்கே பான்ஹோஃப்ஸ்ட்ராஸ தெரு, வழியில் லிண்டன்ஹோஃப் மேடு, 8.7 மீட்டர் குறுக்களவுள்ள கடிகார முகம் கொண்ட செயின்ட் பீட்டர் கோவில், ஆற்றைக் கடந்து நீடர்டோர்ஃப் சந்துகள். ஃபிராவ்மியூன்ஸ்டர் தேவாலயத்தில் ஓவியர் மார்க் ஷகால் 1970இல் முடித்த ஐந்து வண்ணக் கண்ணாடி ஜன்னல்களுக்கு நுழைவுக் கட்டணம் உண்டு, சூரிச்சில் நாங்கள் தயங்காமல் கொடுக்கச் சொல்லும் ஒரே டிக்கெட் அது. காலை வெயில் இருக்கும்போது போங்கள். கோடையில் ஓபரர் லெட்டன் ஆற்றுக் குளியலிடம் இலவசம். லிம்மத் ஆறு இழுத்துக்கொண்டு போகும், கரையேறும் படிகள் எங்கே என்று பார்த்துவிட்டுக் குதியுங்கள், நீச்சல் நன்றாகத் தெரியாதவர் கரையிலேயே இருக்கட்டும்.

இன்னொரு நாள் முழுவதையும் ஊட்லிபெர்க் மலைக்கு ஒதுக்கலாம். எஸ் 10 ரயில் ஹெச்.பி.யில் 21, 22ஆம் தடங்களிலிருந்து கிளம்புகிறது. அவை நிலையத்தின் அடியில் தனியாக ஆழத்தில் இருப்பதால் கண்டுபிடிக்கவே 10 நிமிடம் ஒதுக்குங்கள். நகர மண்டல டிக்கெட் மேல்வரை செல்லாது, கூடுதல் மண்டலம் சேர்க்க வேண்டும் அல்லது 9 மணி பாஸ். உச்சி ஏறக்குறைய 870 மீட்டர் உயரம். அங்கிருந்து ஃபெல்சனெக்வரை மலைமுகட்டிலேயே கோள்களின் பாதை போகிறது, சூரியக் குடும்பத்தை நூறு கோடியில் ஒரு பங்காகச் சுருக்கி வைத்திருக்கிறார்கள். இரண்டு மணி நேரம் நிதானமாக நடக்கலாம், குளிர்காலத்தில் பனிக்கட்டி வழுக்கும். ஃபெல்சனெக்கிலிருந்து கேபிள் கார் ஆட்லிஸ்வில்லுக்கு இறங்குகிறது, இதே பாஸ் செல்லும். பராமரிப்புக்காக அதைச் சில வாரங்கள் நிறுத்துவதால் முன்னாளே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆட்லிஸ்வில்லில் ஈழத்தமிழர்கள் அமைத்த சிவசுப்பிரமணியர் கோவில் இருக்கிறது. 1980களில் போருக்குத் தப்பி வந்தவர்கள் இந்த நாட்டு ஓட்டல் சமையலறைகளில் உழைத்து வேரூன்றிய கதை அதற்குள் அடங்கியிருக்கிறது. நடை திறந்திருக்கும் நேரத்தைப் பார்த்துக்கொண்டு மலையிலிருந்து இறங்குங்கள். திரும்ப எஸ் 4 பிடித்தால் சீல் ஆற்றோரமாக ஓடி, காலையில் தேடியலைந்த அதே ஆழத்துத் தடங்களில் கொண்டுவந்து விடும்.