இன்னும் நாலு பேர் வேணும்

கோபிச்செட்டிபாளையம் பக்கம் வயல் என்றால் நெல் வயல்தான். 2021இல் எங்களுக்கு மட்டும் வயல் என்றால் தடுப்பூசி மருந்துக் குப்பி. ஒரு நாள் துணை சுகாதார நிலையத்து வாசலில் நின்று போனில், "ரெண்டு வயல்தான் சார் மிச்சம், அதையும் இன்னைக்கே முடிச்சிடறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உள்ளே வரலாமா வேண்டாமா என்று வேப்பமரத்தடியிலேயே அரை மணி நேரமாக நின்றிருந்த ஒரு விவசாயி, நான் போனை வைத்ததும் கேட்டார்: "ஏனுங் நர்ஸம்மா, மீதியெல்லாம் வித்துப்போட்டீங்ளா?" தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்துக்காரர், அவருக்கு வேறெப்படித் தோன்றும். விளக்கிச் சொன்னதும் அவரே சிரித்துக்கொண்டு உள்ளே வந்து சட்டைக் கையைச் சுருட்டினார். எல்லோருக்கும் அப்படி ஒரு சிரிப்பு வாய்த்திருந்தால் என் வேலை பாதியாகியிருக்கும்.

நான் கிராம சுகாதார செவிலியர். ஊர்க்காரர்களுக்கு நர்ஸம்மா. போலியோ சொட்டு மருந்து முதல் கர்ப்பிணிகளின் டிடி ஊசி வரை இருபது வருஷத்துக்கு மேல் போட்ட கை இது. ஊசிக்குப் பயப்படுவோரைப் பார்க்காதவள் இல்லை. 2017 பிப்ரவரியில் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தட்டம்மை ரூபெல்லா ஊசி போட்டபோதே வாட்ஸப்பில் வதந்தி கிளம்பி, பெற்றோர்கள் பிள்ளைகளை அன்றைக்கு மட்டும் பள்ளிக்கு அனுப்பாமல் வைத்துக்கொண்டார்கள். ஆனால் அதெல்லாம் பிள்ளைகளுக்கான ஊசி. கொரோனாவில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டியவர் குடும்பத்தில் சம்பாதிக்கிற ஆள். கூடவே, அந்த முறை பயம் எங்களுக்கும் இருந்தது.

அதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2021 ஜனவரி 16ஆம் தேதி நாடு முழுக்கச் சுகாதாரப் பணியாளர்களுக்குத்தான் முதல் ஊசி. ஊர் உலகத்துக்கே சொல்ல வேண்டிய நாங்கள் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தோம். ஒருத்திக்குச் சர்க்கரை, ஒருத்திக்கு வீட்டில் விசேஷம், ஒருத்திக்கு வீட்டுக்காரர் விடவில்லை. கோவேக்சினுக்கு அப்போது மூன்றாம் கட்டச் சோதனை முடிவே வரவில்லை, சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால்தான் ஊசி. படித்த டாக்டர்களே 'கோவிஷீல்டு வரட்டும்' என்று கமுக்கமாகத் தள்ளிப்போட்டதை நான் பார்த்தேன். நான் பிப்ரவரியில் கோவிஷீல்டு போட்டுக்கொண்டேன். ராத்திரி பத்து மணிக்குக் குளிர் ஏறியது பாருங்கள், மார்கழியில் எடுக்கிற போர்வை இரண்டையும் போர்த்திக்கொண்டு பல்லடித்துக் கிடந்தேன். மறுநாளும் எழுந்திருக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரம்மா கஞ்சி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். மூன்றாம் நாள் நான் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பி, சொல்லச் சொன்னதை அப்படியே சொன்னேன்: "பாதுகாப்பானதுங்க, ஒண்ணும் பண்ணாதுங்க."

கஞ்சிச் செய்தி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. "நர்ஸம்மாளுக்கே ரெண்டு நாளா எந்திரிக்க முடியலையாமா, நம்மகிட்ட ஒண்ணும் பண்ணாதுங்குது." ஒரு தோட்டத்துச் சாளையில் இதை என் காதுபடவே சொன்னார்கள். மூஞ்சியில் அடித்த மாதிரி இருந்தது. அந்த ஊரில் நான் சொன்ன வார்த்தையைச் சந்தேகப்பட்டது அதுதான் முதல் தடவை, அதற்கான வேலையைச் செய்தது நானேதான்.

அப்புறம் பேச்சை மாற்றினேன். "ஒரு நாள் காய்ச்சல் வரும். ஒடம்பு அடிச்சுப்போட்டாப்புல இருக்கும். எனக்கு ரெண்டு நாள் இருந்துச்சு. பாரசிட்டமால் தர்றேன், மக்யா நாள் காட்டு வேலை வெச்சுக்காதீங்க." மேலே இருப்பவர்களுக்கு இப்படிச் சொல்வது பிடிக்கவில்லை. காய்ச்சல் என்ற வார்த்தையைச் சொன்னாலே ஆள் வராது என்று ஒரு கூட்டத்தில் எனக்குத் தனியாக அர்ச்சனை நடந்தது. எனக்குத் தெரிந்து, காய்ச்சல் வரும் என்று முன்கூட்டிச் சொன்ன வீட்டில் காய்ச்சல் வந்தபோது யாரும் பயப்படவில்லை. 'நர்ஸம்மா சொன்ன மாதிரியே வந்துச்சு' என்றுதான் சொன்னார்கள்.

ஏப்ரல் 17. நடிகர் விவேக் இறந்த நாள். இரண்டு நாளைக்கு முன்புதான் சென்னை ஓமந்தூரார் மருத்துவமனையில் கேமரா முன்னால் கோவேக்சின் போட்டுக்கொண்டு, எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள் என்று பேசினார். மாரடைப்புக்கும் ஊசிக்கும் சம்பந்தமில்லை என்று அன்றைக்கே டாக்டர்களும் அதிகாரிகளும் சொன்னார்கள். மத்திய அரசின் குழு ஆராய்ந்து அதையே உறுதிப்படுத்தியபோது அக்டோபர் ஆகிவிட்டது. நடுவில் இருந்த ஆறு மாசம் எங்கள் தலையில். விவேக் இறந்த அடுத்த வாரம் நான் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஐஸ் பேக் உருகி ஓரத்தில் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மதியம் வரை வந்தது மூன்று பேர்.

இங்கேதான் அந்தக் கணக்கு வரும். ஒரு வயலில் பத்துப் பேருக்கு மருந்து. திறந்தால் நாலு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மிஞ்சினால் வீண். தமிழ்நாட்டில் வீணடிப்பு அதிகம் என்று டெல்லியில் பட்டியல் வாசித்துக்கொண்டிருந்த நேரம் வேறு. ஒரு நாள் மூன்று மணிக்கு ஆறு பேர் வந்து உட்கார்ந்தார்கள். திறக்கலாமா? திறந்தால் நாலு போகும், எழுதிக் கேட்பார்கள். 'பத்துப் பேர் சேரட்டும், நாளைக்கு வாங்க' என்று அனுப்பினால், வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்த அந்த ஆறில் மூன்று பேர் நாளைக்கு வர மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். உட்காரச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு தறிக்குடோனுக்குப் போனேன். தறிச் சத்தத்தில் கத்தினேன்: "இன்னும் நாலு பேர் வேணுமுங்க!" பாவு ஓடிக்கொண்டிருக்கும்போது எவன் தறியை நிறுத்துவான்? கடைசியில் வந்தது குடோன்காரரின் அம்மா. எழுபத்தைந்து வயது இருக்கும். இடது கையைக் காட்டினார், பழைய அம்மை குத்தின தழும்பு, காலணா அகலத்துக்கு. "அம்ம குத்தறவன் வந்தா நாங்கெல்லாம் சோளக்காட்டுக்குள்ள ஓடி ஒளிஞ்சுக்குவோஞ் சாமி. எங்கப்பன் புடிச்சு இழுத்துட்டு வந்து குத்துனான். இப்ப யாருக்காச்சும் அம்ம வருதா?" என்று சொல்லிவிட்டு, தறி ஓட்டுகிற இரண்டு பையன்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவர்கள் வந்தார்கள். ஒன்பது பேர். பத்தாவது ஆள் கிடைக்காமல் ஒரு டோஸ் வீணானது, நான் விளக்கமும் எழுதிக்கொடுத்தேன்.

கோயமுத்தூரில் பிளேக் மாரியம்மனுக்குக் கோயில் கட்டி நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது, 2021இல் இருகூரில் கொரோனா தேவியும் வந்தாள். வெளியூர்க்காரர்கள் இதை வைத்து எங்களைக் கேலி செய்தார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆத்தாளுக்கு மஞ்சத்தண்ணி ஊற்றிவிட்டு அதே ஈரக் கையோடு ஊசிக்கு வந்தவர்கள் எத்தனையோ பேர்.

மே மாதம் எல்லாம் தலைகீழானது. கோவை, திருப்பூர், ஈரோடு என்று மேற்கே தொற்று ஏறி, ஒரு கட்டத்தில் கோவை சென்னையையே தாண்டியது. மே 20ஆம் தேதி முதல்வர் ஸ்டாலின் திருப்பூர் நேதாஜி ஆயத்த ஆடைப் பூங்காவில் 18 முதல் 44 வயதுக்காரர்களுக்கான ஊசியைத் தொடங்கி வைத்தார். ஊரில் சாவு பார்த்துவிட்ட ஜனம் தானாகவே ஓடி வந்தது, அப்போது பார்த்து மருந்து இல்லை. ஐம்பது டோஸுக்கு இருநூறு பேர். விடியற்காலை நாலு மணிக்கே செருப்பும் செங்கல்லும் வரிசையில் இடம் பிடித்திருக்கும். டோக்கனைச் சிலர் முன்னாடியே வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள், யார் என்று நான் சொல்லப்போவதில்லை. "போன மாசம் வூடு வூடா வந்து கூப்புட்டீங்க, இப்ப வந்தா இல்லைங்கறீங்க" என்று கேட்டவருக்கு என்ன பதில் சொல்வது?

அதே நேரம் பார்த்து கோவிஷீல்டு இடைவெளியை மாற்றினார்கள். முதலில் நாலு வாரம், பிறகு ஆறிலிருந்து எட்டு, மே 13இல் பன்னிரண்டிலிருந்து பதினாறு. இடைவெளி கூடினால் எதிர்ப்புச் சக்தி கூடும் என்பதற்கு வெளிநாட்டு ஆய்வில் ஆதாரம் இருந்தது, நான் அதை நம்பினேன். ஆனால் மருந்தே இல்லாத மாசத்தில் அதைச் சொன்னால் டீக்கடையில் உட்கார்ந்திருப்பவன் என்ன நினைப்பான்? "சரக்கு இல்லீனா தேதிய மாத்தறாங்க." இதற்கு மட்டும் என்னால் கடைசி வரை சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை.

செப்டம்பர் 12இல் மெகா முகாம்கள் தொடங்கின. ஞாயிற்றுக்கிழமை. கறியும் சரக்கும் எடுக்கிற நாளில் ஊசி போட்டால் ஏதாவது ஆகிவிடும் என்று ஆண்கள் நழுவினார்கள். அரசாங்கம் அதைக் கேட்டுக்கொண்டு அக்டோபரில் முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றியது. உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். ஜனங்களிடம் வாதாடாமல் கிழமையை மாற்றினார்கள், அவ்வளவுதான், வேலை நடந்தது. பனியன் கம்பெனி வண்டியில் வருகிற ஒடிசா, பீகார்ப் பிள்ளைகளுக்கு இந்தியில் நாலு வாக்கியம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன், 'புகார்' என்றால் காய்ச்சல் என்று அப்போதுதான் கற்றுக்கொண்டேன்.

பிறகு மிரட்டல் ஆரம்பித்தது. பொது இடத்துக்குச் சான்றிதழ், கம்பெனிக்குச் சான்றிதழ், நீலகிரியில் டாஸ்மாக்குக்கே சான்றிதழ். எண்ணிக்கை வேண்டும் என்று ராத்திரி வரை போன். ஊசியே போடாமல் 'இரண்டாம் தவணை போட்டாயிற்று' என்று ஒருவருக்கு மெசேஜ் வந்து, அவர் போனை என் முகத்துக்கு நேரே நீட்டியபோது, அது என் கையெழுத்தில்லை என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை. யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2022 மே 2இல் சொன்னபோது, பாதித் தடைகள் ஏற்கெனவே காற்றில் போயிருந்தன.

2024இல் ஒரு ராத்திரி எட்டரை மணிக்கு அந்த வயல் விவசாயி போன் செய்தார். கோவிஷீல்டை உருவாக்கிய ஆஸ்ட்ராஜெனகா கம்பெனி லண்டன் கோர்ட்டில் ரத்தம் உறைவது பற்றி ஒப்புக்கொண்டதாக டிவியில் பார்த்திருக்கிறார்.

"ஏனுங், நீங்க எனக்குப் போட்டது அதுதானுங்ளா?"

"ஆமாங்க, அதேதான். நானும் அதேதான் போட்டுக்கிட்டேன்."

அது மிக மிக அரிது, வந்தாலும் ஊசி போட்ட சில வாரங்களுக்குள் வருவது, மூன்று வருஷம் கழித்து வருவதில்லை என்று சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. "இது அப்பவே தெரியுமுங்ளா உங்களுக்கு?" என்றார். 2021இலேயே வெளிநாட்டுச் செய்தியில் படித்திருந்தேன். தெரியுமுங்க, உங்களிடம் சொல்லவில்லை என்றேன். காய்ச்சலைச் சொன்ன வாய் இதைச் சொல்லவில்லை.

"சேரி, வெக்கறனுங்க" என்று வைத்துவிட்டார்.

அடுத்த புதன்கிழமை அவர் மருமகள் பேத்தியைத் தூக்கிக்கொண்டு ஒன்பதாம் மாச ஊசிக்கு வந்தாள். அவர் வண்டியை நிறுத்திவிட்டு அதே வேப்பமரத்தடியில் நின்றார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக் கையை ஆட்டினேன். தலையை ஆட்டினார், உள்ளே வரவில்லை.