பழைய தொடருக்குப் புதிய மதிப்பெண்

பழைய தொலைக்காட்சித் தொடர்களின் ஒளிபரப்பு உரிமையை வாங்குவதற்கு முன், அவற்றைப் பற்றிப் பார்வையாளர்கள் அன்று என்ன நினைத்தார்கள், இன்று என்ன நினைக்கிறார்கள் என்று ஆராய்ந்து அறிக்கை எழுதுவது பல ஆண்டுகள் என் வேலையாக இருந்தது. அறிக்கையின் வடிவம் எளிமையானது: இடப்பக்கத்தில் அன்றைய வரவேற்பு, வலப்பக்கத்தில் இன்றைய வரவேற்பு, அடியில் வாங்கலாமா வேண்டாமா என்ற பரிந்துரை. நகைச்சுவைத் தொடர்களிலும் துப்பறியும் தொடர்களிலும் இரண்டு பக்கங்களும் பெரும்பாலும் ஒத்துப்போகும். அறிவியல் புனைவுத் தொடர்களில்தான் ஒரு பக்கத்தை எழுதிய கையால் மறுபக்கத்தை எழுதத் தயக்கமாக இருக்கும். அந்த அளவுக்கு அவை ஒன்றையொன்று மறுத்து நிற்கும்.

இந்த முரணுக்கு எல்லோரும் காட்டும் எடுத்துக்காட்டு மூல ‘ஸ்டார் ட்ரெக்’. 1966 செப்டம்பரில் அமெரிக்காவின் என்பிசி அலைவரிசையில் தொடங்கி, பார்வையாளர் எண்ணிக்கையில் தள்ளாடி, ரசிகர்கள் கடிதம் எழுதிக் குவித்த பின் மூன்றாவது சீசன் வரை நீடித்து, அந்தச் சீசனில் வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்கு ஒதுக்கப்பட்டு, 79 அத்தியாயங்களோடு 1969இல் நிறுத்தப்பட்ட தொடர் அது. பிறகு உள்ளூர் நிலையங்கள் அதைத் திரும்பத் திரும்ப மறுஒளிபரப்பு செய்ய, 1972இல் நியூயார்க்கில் ரசிகர் மாநாடு கூடியது. 1979இல் திரைப்படமும் வந்துவிட்டது. எங்கள் அலுவலகத்தில் இந்த வரலாறு ஒரு சூத்திரமாகவே புழங்கியது. தோற்ற தொடர் எதை எடுத்தாலும், “ஸ்டார் ட்ரெக்கும் முதல்ல தோத்ததுதானே?” என்று யாராவது ஒருவர் தொடங்குவார். தோற்றுப்போய் அப்படியே மறக்கப்பட்ட தொடர்களின் பட்டியலை யாரும் கூட்டத்துக்குக் கொண்டுவருவதில்லை என்பதால், இந்த வாதத்துக்கு எதிர்வாதமும் எழுவதில்லை.

நான் நீண்ட காலம் உட்கார்ந்து படித்தது அதே குடும்பத்தைச் சேர்ந்த மற்றொரு தொடரை. 1993 ஜனவரி முதல் 1999 ஜூன் வரை ஏழு சீசன்களாக, 176 அத்தியாயங்கள் வந்த ‘டீப் ஸ்பேஸ் நைன்’. முந்தைய தொடர்களில் விண்கலம் ஒன்று கோள் விட்டுக் கோள் போகும். இதிலோ பஜோர் என்ற கோளின் அருகே, நெடுங்கால ஆக்கிரமிப்பிலிருந்து அப்போதுதான் மீண்ட மக்களுக்கு நடுவே, ஒரு விண்வெளி நிலையம் இருந்த இடத்திலேயே இருக்கும். அன்றைய குறைகளில் முதலாவது இதுதான்: பயணம் போகாத ஸ்டார் ட்ரெக் என்ன ஸ்டார் ட்ரெக்? இருண்டிருக்கிறது என்றார்கள், பாத்திரங்கள் தமக்குள் சண்டையிடுகிறார்கள் என்றார்கள், ஸ்டார் ட்ரெக்கை உருவாக்கி 1991இல் மறைந்த ஜீன் ராடன்பெரி கண்ட நம்பிக்கையான எதிர்காலத்துக்கு இது துரோகம் என்றும் சொன்னார்கள். தயாரிப்பாளர்கள் மூன்றாவது சீசனில் ஒரு போர்க்கலத்தையும், நான்காவது சீசனில் இதற்கு முந்தைய ஸ்டார் ட்ரெக் தொடரான ‘நெக்ஸ்ட் ஜெனரேஷ’னில் புகழ்பெற்றிருந்த வோர்ஃப் பாத்திரத்தையும் சேர்த்துப் பார்த்தார்கள். ஆனாலும் பார்வையாளர் எண்ணிக்கை ஆண்டுக்காண்டு இறங்கிக்கொண்டே போனது. 2019இல் திரையரங்குகளில் வெளியான, ரசிகர்களின் நன்கொடையால் உருவான ஆவணப்படத்தில், அந்தக் காலத்துக் கண்டனங்களை நடிகர்களே வாசித்துக் காட்டுகிறார்கள். இத்தனை வெறுப்பைச் சம்பாதித்த தொடரை, அதன் குடும்பத்திலேயே மிகச் சிறந்தது என்று இன்று பலர் வாதிடுவதைக் கேட்கிறோம்.

இதற்கு எளிதாகக் கிடைக்கும் விளக்கம், தொடர் தன் காலத்துக்கு முந்தியது என்பது. நானும் தொடக்கத்தில் அறிக்கைகளில் இப்படி எழுதப்படுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் நிறைவில்லை. அது எதையும் விளக்குவதில்லை, பாராட்ட மட்டுமே செய்கிறது.

அலுவலகத்தில் ஒளிபரப்பு அட்டவணை போடும் பிரிவில் இருந்த ஒரு மூத்த அம்மையார்தான் என்னை வேறு திசையில் திருப்பினார். “கதையை விடுங்க, அது எந்தக் கிழமை எத்தனை மணிக்கு வந்துச்சுன்னு முதல்ல பாருங்க” என்பது அவர் வழக்கமாகச் சொல்வது. அப்படிப் பார்த்தபோது, இந்தத் தொடர் எந்த ஒரு தேசிய அலைவரிசையிலும் வரவில்லை என்பதன் முழுப் பொருளும் விளங்கியது. தனித்தனி உள்ளூர் நிலையங்களுக்கு விற்கப்பட்டு, ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொரு நேரத்தில், விளையாட்டு நேரலை நீண்டால் நள்ளிரவுக்குத் தள்ளப்பட்டு வந்த தொடர் அது. அப்படிப்பட்ட சந்தைக்கு, எந்த வாரம் பார்த்தாலும் புரியும் தனிக்கதைகள்தாம் தோது. ஆனால் ஐரா ஸ்டீவன் பேர் தலைமையிலான எழுத்தாளர்கள், டொமினியன் என்ற எதிரி வல்லரசுடனான போரை ஆண்டுக்கணக்கில் வளர்த்து, 1997இல் ஆறாவது சீசனை ஆறு அத்தியாயங்கள் நீளும் ஒரே கதையோடு தொடங்கினார்கள். இறுதி அத்தியாயங்களையும் ஒரே ஓட்டமாக எழுதினார்கள். இரண்டு வாரம் தவறவிட்டவர் மூன்றாவது வாரம் தொலைக்காட்சி முன் அமர்ந்தால், யார் எந்தக் கட்சி என்றே தெரியாமல் போயிருக்கும். 2003இல் முழுத் தொடரும் குறுந்தகடுகளாக வந்து, பின்னர் இணையவழிச் சேவைகளிலும் கிடைத்தபோது, இந்தச் சிக்கல் தானாகவே மறைந்தது. அன்று குழப்பம் எனப்பட்ட அதே பின்னல், ஒரு வாரத்தில் ஒரு சீசனைப் பார்ப்பவருக்குச் செறிவாகத் தெரிகிறது.

ஒப்பிடும் அளவுகோலும் மாறிவிட்டது. 1993இல் இந்தத் தொடரின் பக்கத்திலேயே ‘நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ புதிய அத்தியாயங்களோடு ஓடிக்கொண்டிருந்தது. பலர் அதைப் போல இது இல்லை என்பதையே குறையாகக் கண்டார்கள். பத்தாண்டுகளுக்குப் பின் வந்தவர்கள், அறம் தடுமாறும் நாயகர்களைக் கொண்ட நீண்ட நாடகங்களைப் பார்த்துப் பழகியிருந்தார்கள். 2004 முதல் தொடராக ஓடிய புதிய ‘பேட்டில்ஸ்டார் கேலக்டிகா’வை உருவாக்கிய ரொனால்ட் டி. மூர், இதே ‘டீப் ஸ்பேஸ் நைன்’ தொடரின் எழுத்தாளர்களில் ஒருவர். அவருடைய பிற்காலத் தொடரை ரசித்துவிட்டு முற்காலத் தொடரைத் தேடிப் போனவர்களுக்கு, நிலையத்தின் தலைவர் கேப்டன் சிஸ்கோ, ரோமுலன்கள் என்ற வேற்றினத்தவரைப் போருக்குள் இழுப்பதற்காகப் போலிச் சான்று தயாரிக்கத் துணியும் 1998ஆம் ஆண்டு அத்தியாயம் துரோகமாகப் படவில்லை. அதைத்தான் முதலில் பாருங்கள் என்று பிறருக்குச் சொன்னார்கள்.

வெளியுலகம் செய்த வேலையும் உண்டு. உருமாறும் எதிரிகள் பூமியில் ஊடுருவிவிட்டார்கள் என்ற அச்சத்தில் தெருக்களில் படைகள் நிறுத்தப்படுவதையும், குடிமக்களுக்கு இரத்தப் பரிசோதனை நடப்பதையும் காட்டும் இரண்டு அத்தியாயங்கள் 1996 ஜனவரியில் வந்தவை. 2001 செப்டம்பர் தாக்குதல்களுக்குப் பிறகு அவற்றைப் பார்த்தவர்கள் அவற்றில் வேறொன்றைக் கண்டார்கள். 1995 ஜனவரியில் வந்த மற்றோர் இரட்டை அத்தியாயம், வேலையும் வீடும் இல்லாதவர்களைச் சுவர் கட்டிய பகுதிகளில் அடைத்துவைக்கும் சான் பிரான்சிஸ்கோவைக் காட்டுகிறது; கதை நடக்கும் ஆண்டு 2024. அந்த ஆண்டு உண்மையாகவே வந்தபோது, முன்பு பெரிதாகப் பேசப்படாத அந்த அத்தியாயத்தைப் பலர் நாட்காட்டியோடு ஒப்பிட்டுப் பேசினார்கள். எழுதியவர்கள் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. வாசலில் வந்து நின்ற ஆண்டு அதன் மதிப்பை உயர்த்திவிட்டது.

இவ்வளவுக்கும் பிறகும் எனக்கு ஓர் ஐயம் இருந்தது. மக்கள் மனம் மாறினார்கள் என்று நாம் எழுதுகிறோமே, மாறியவர் யார்? 1994இல் இந்தத் தொடரைச் சகிக்க முடியாமல் நிறுத்திய ஒருவர், பின்னாளில் அதைத் தேடிப் பார்த்துக் கருத்தைத் திருத்திக்கொண்டது உண்டு. ஆனால் அப்படிப்பட்டவர்களை நான் அதிகம் சந்தித்ததில்லை. நிறுத்தியவர்களில் பெரும்பாலோர் நிறுத்தியவர்களாகவே இருந்துவிட்டார்கள். அவர்களிடம் இன்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் பெயர்கூட நினைவில்லை என்பார்கள். இன்றைய வரவேற்பு என்று வலப்பக்கத்தில் நாம் எழுதுவது, அன்று விடாமல் பார்த்தவர்களும், பின்னர் பிறர் சொல்லக் கேட்டு விரும்பியே வந்தவர்களும் சேர்ந்த கூட்டத்தின் குரல். சல்லடையில் சலித்த பின் மேலே நிற்பதை மட்டும் எடைபோட்டுவிட்டு, மாவு முழுவதுமே இப்படித்தான் என்று சொல்வதைப் போன்றது இது.

ஆகவே கேள்வித்தாளில், இந்தத் தொடரை முதன்முதலில் எந்த வயதில், எதன் வழியாகப் பார்த்தீர்கள் என்ற கேள்வியைச் சேர்த்து, வலப்பக்கத்தையே இரண்டாகப் பிரித்து எழுதத் தொடங்கினேன். என் மேலாளருக்கு இது பிடிக்கவில்லை. “போர்டுல காட்டுறதுக்கு ஒரே ஒரு மதிப்பெண் போதும் சார்” என்றார். அவர் தரப்பில் நியாயம் இருந்தது, பணம் போடுபவருக்கு ஒரு பதில் வேண்டும். ஆனால் பிரித்துப் பார்த்ததும், ஒற்றை மதிப்பெண்ணில் தெரியாதவை தெரிந்தன. பழையவர்கள் மன்னித்துவிடும் சிலவற்றைப் புதியவர்கள் மன்னிப்பதில்லை. மருத்துவர் பஷீர் முதல் சீசனில் சக அதிகாரியான டாக்ஸைத் துரத்தித் துரத்திக் காதலிப்பது முன்னவர்களுக்கு இளமைக் குறும்பு; பின்னவர்களுக்கு எரிச்சல். ஃபெரங்கி என்ற வணிக வேற்றினத்தவரை வைத்துச் செய்த பெண்வேட நகைச்சுவை அன்றே பலருக்கு உவப்பாக இல்லை. இன்று அதைக் காக்க ஒருவரும் வருவதில்லை. மறுபுறம், 1998இல் சிஸ்கோவாக நடித்த ஏவரி புரூக்ஸ் தானே இயக்கி நடித்த, 1950களின் நியூயார்க்கில் ஒரு கறுப்பின அறிவியல் புனைவு எழுத்தாளரின் கதை மறுக்கப்படுவதைச் சொல்லும் அத்தியாயத்தில், இரு சாராரும் ஒன்றாக நின்றார்கள்.

பிறகு 2001 முதல் 2005 வரை வந்த ‘என்டர்பிரைஸ்’ தொடருக்கும் இதே முறையைக் கையாண்டேன். அன்று பெரும் கோபத்தைக் கிளப்பியது அதன் தொடக்கப் பாடல். ஸ்டார் ட்ரெக் தொடர் ஒன்றின் தொடக்க இசையில் முதன்முறையாக வரிகளோடு ஒரு பாடல் ஒலித்ததைப் பழையவர்கள் இன்னும் சொல்லிக் குறைப்படுகிறார்கள். இணையவழிச் சேவையில் முகப்பைத் தாண்டிச் செல்லும் பொத்தானோடு பார்க்கும் புதியவர்களில் பலருக்கு அப்படி ஒரு சர்ச்சை இருந்ததே தெரியாது. மூன்றாவது, நான்காவது சீசன்களைப் பொறுமையிழந்து தவறவிட்டவர்களும், அவற்றைத்தான் முதலில் பரிந்துரைப்பவர்களும் எதிரெதிரே நின்றார்கள். ஆனால் 2005 மே மாதத்தில் வந்த இறுதி அத்தியாயம், தன் சொந்தப் பாத்திரங்களின் முடிவை ‘நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ பாத்திரங்கள் பார்க்கும் ஒரு கணினிக் காட்சியாகச் சுருக்கிவிட்டது. அன்று பார்த்தவரும் இன்று பார்த்தவரும் அதை ஒரே சொற்களில் திட்டினார்கள்; அந்த ஓர் அத்தியாயத்துக்கு மட்டும் வலப்பக்கத்தைப் பிரிக்க வேண்டிய தேவையே எழவில்லை.