உடைந்த நிலாவும் கருப்புக் கடலும்

நிலா இரண்டாகப் பிளந்து வானத்தில் நிற்கிறது. கருப்புத் தண்ணீர் உயிருள்ள பிராணிபோல் எழுந்துவந்து ஆளை விழுங்குகிறது. கையில் ஒளி வீசும் வாளோடு ஒருவன். கூடவே சிங்கம்போல் உறுமும் ஒரு முரடன். ஒரு பாய்மரக் கப்பல். அதில் குரங்கு முகம் வைத்த பறவை ஒன்று. எந்நேரமும் எதையாவது தின்றுகொண்டே இருக்கும். சிறுவயதில் பார்த்த கார்ட்டூன் ஒன்றைப் பற்றி என்னிடமிருந்த மொத்தச் சொத்து இவ்வளவுதான். பெயர் தெரியாது. கதையும் தெரியாது. விருதுநகரில் தமிழ்வழிப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த எனக்கு அவர்கள் பேசிய ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் பிடிபடாது. கிரிக்கெட் வர்ணனை புண்ணியத்தில் எண்கள் மட்டும் காதில் விழும். அப்படி விழுந்த ஓர் எண்ணும் நினைவில் இருந்தது: 1994.

எளிதில் கிடைத்துவிடும் கார்ட்டூன்களும் உண்டு. 1993இல் தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வந்த மௌக்லியை யாரும் தேடி அலைய வேண்டியதில்லை. ஜப்பானின் நிப்பான் அனிமேஷன் எடுத்த 52 பகுதித் தொடர் அது. இந்தித் தலைப்புப் பாட்டை எழுதியவர் குல்சார், இசை விஷால் பரத்வாஜ், ஷேர்கானுக்குக் குரல் நானா படேகர். யாரைக் கேட்டாலும் பாட்டையே பாடிக்காட்டுவார்கள். தெருவே சேர்ந்து பார்த்தது தொலையாது. கேபிள் வந்த புதிதில், வீட்டில் பெரியவர்கள் இல்லாத நேரத்தில், இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்து பார்த்தது இருக்கிறதே, அதுதான் பாடாய்ப் படுத்தும்.

அந்த இரண்டு பேரில் இன்னொருவன் அண்ணன். அவனிடம்தான் முதலில் கேட்டேன். கப்பலும் குரங்குப் பறவையும் அவனுக்கு நன்றாக நினைவிருந்தன. உடைந்த நிலா அவ்வளவாக இல்லை. கருப்புத் தண்ணீரை அடியோடு மறுத்தான். "நம் வீட்டில் இருந்தது கருப்பு வெள்ளை டிவி. அதில் எல்லாத் தண்ணீரும் கருப்புதானே?" என்றான். நியாயமான கேள்வி. எங்கள் டயனோராவில் வானம் சாம்பல், கடல் கருப்பு, ரத்தமும் கருப்பு. நிறத்தை வைத்து எதையும் அடையாளம் சொல்ல முடியாது.

இணையத்தில் தேடிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் நடக்கவில்லை. தமிழில் தட்டினால் தமிழ் கார்ட்டூன் பாட்டுகள் வந்து குவிந்தன. ஆங்கிலத்தில் பறக்கும் குரங்கு என்று தட்டினால் ஓஸ் மந்திரவாதியின் சிறகு முளைத்த குரங்குகள் வந்தன. உடைந்த நிலா என்றால் வானியல் கட்டுரைகள். நிலா, கப்பல், வாள், பறவை எல்லாவற்றையும் ஒரே வரியில் சேர்த்துக் கொடுத்தால் ஒன்றுமே வராது. இதில் சில மாதங்கள் போயின, அலுத்துப்போய் விட்டும்விட்டேன்.

பழைய நாளிதழ்களைப் பார்க்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. 1994ஐப் பார்த்த ஆண்டாகக் கொண்டு நூலகத்தில் அந்த ஆண்டுத் தொகுப்பைக் கேட்டு வாங்கினேன். மூக்கில் ஏறும் தூசியோடு பக்கம் பக்கமாகப் புரட்டினால், தொலைக்காட்சிப் பட்டியலில் தூர்தர்ஷன்தான் பெரும்பகுதி. மற்ற சேனல்களுக்கு ஓரிரு வரி. அப்புறம்தான் ஒன்று உறைத்தது. எங்கள் தெருவுக்குக் கேபிள் இழுத்ததே அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான். கேபிள்காரர் கம்பத்தில் ஏறிய அன்று அம்மா அவருக்கு மோர் கொடுத்ததுகூட நினைவிருக்கிறது. கார்ட்டூன் நெட்வொர்க் இந்தியாவுக்கு வந்ததும் 1995இல்தான். ஆக 1994 நாங்கள் பார்த்த ஆண்டாக இருக்கவே முடியாது. பிறகு அந்த எண் எங்கிருந்து வந்தது?

கேள்வி அப்படித் திரும்பியதும் வேலை சுலபமாகிவிட்டது. கதை என்ன என்று மண்டையை உடைத்துக்கொள்வதை நிறுத்தினேன். அந்தக் கார்ட்டூன் எந்த வழியாக எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது என்று பார்க்க ஆரம்பித்தேன். இந்த மாதிரி வேட்டையில் இறங்குகிற யாருக்கும் நான் சொல்வது இதுதான்: கதையைப் பற்றிய நினைவை நம்பாதீர்கள். எந்தச் சேனல், காலையா மாலையா, எந்த மொழி, அந்த நேரத்தில் வீட்டில் யார் இருந்தார்கள் என்பதெல்லாம் ஓரளவு உண்மையாகவே மனதில் தங்கியிருக்கும். கதையைத்தான் நாமே இட்டுக்கட்டி வைத்திருப்போம்.

எங்களுக்கு நினைவிருந்தது இது: பகலில் கார்ட்டூன் ஓடும், இரவானால் அதே சேனலில் பழைய ஆங்கிலப் படம் ஓடும். அந்த நாட்களில் கார்ட்டூன் நெட்வொர்க்கும் டிஎன்டியும் ஒரே அலைவரிசையைப் பங்கிட்டுக்கொண்டிருந்தன. இரண்டுக்கும் முதலாளி டெட் டர்னர். 1986இல் எம்ஜிஎம் படங்களின் உரிமையை வாங்கிவைத்திருந்தவர், 1991இல் ஹன்னா-பார்பரா நிறுவனத்தையும் வாங்கினார். அதோடு ரூபி-ஸ்பியர்ஸ் என்ற நிறுவனத்தின் பழைய தொடர்களும் அவர் கைக்கு வந்தன. இத்தனை கார்ட்டூன்களைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பாரா? 1992இல் அமெரிக்காவில் கார்ட்டூன் நெட்வொர்க்கைத் தொடங்கினார். ஆரம்ப ஆண்டுகளில் அந்தச் சேனல் ஒளிபரப்பியதில் பெரும்பகுதி இந்தக் கிடங்கிலிருந்து எடுத்த பழைய சரக்கு. நாங்கள் புத்தம் புதிது என்று வாய்பிளந்து பார்த்தவை அமெரிக்கக் குழந்தைகள் பல ஆண்டுகளுக்கு முன்பே பார்த்து முடித்தவை.

இது தெரிந்ததும் தேட வேண்டிய இடம் சுருங்கிவிட்டது. உலகத்துக் கார்ட்டூன்களையெல்லாம் அலச வேண்டாம், ஹன்னா-பார்பரா பட்டியலும் ரூபி-ஸ்பியர்ஸ் பட்டியலும் போதும். இரண்டிலும் சிரிப்புத் தொடர்களை அடித்தேன். மிச்சமிருந்த சாகசத் தொடர்களின் தொடக்கக் காட்சியை மட்டும் யூடியூபில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முழுப் பகுதியையும் பார்க்க உட்கார்ந்தால் ஆயுள் போதாது. தொடக்கக் காட்சி வாரந்தோறும் திரும்பத் திரும்ப வருவது; குழந்தை மனதில் ஒட்டியிருந்தால் அதுதான் ஒட்டியிருக்கும்.

ரூபி-ஸ்பியர்ஸ் பட்டியலில் 'தண்டார் த பார்பேரியன்' என்ற பெயரைத் தட்டினேன். கணீரென்ற ஆண்குரல் ஒன்று எடுத்த எடுப்பில் ஆண்டைச் சொன்னது: 1994. உட்கார்ந்த இடத்திலேயே எனக்கு வேர்த்தது. எங்கிருந்தோ ஒரு கோள் பாய்ந்து வந்து பூமிக்கும் நிலாவுக்கும் நடுவே புகுந்து போகிறது. கடல் பொங்குகிறது, நகரங்கள் சரிகின்றன, நிலா நடுவில் பிளக்கிறது. 1980இல் எடுத்த தொடர் அது. 1994 அவர்களுக்குத் தொலைதூர எதிர்காலம். அதற்கும் 2000 ஆண்டுகள் கழித்து நடக்கிற கதை. ஒளி வாள் வைத்திருப்பவன்தான் தண்டார், உறுமும் முரடன் ஊக்லா. ஸ்டீவ் கெர்பர் உருவாக்கியது. அலெக்ஸ் டோத் வரைந்த பாத்திரங்கள் போக, ஹல்க்கையும் கேப்டன் அமெரிக்காவையும் படைத்தவர்களில் ஒருவரான ஜாக் கிர்பியும் இதற்கு வரைந்திருக்கிறார். முதல் பகுதியில், இடிந்துகிடக்கும் நியூயார்க்கில், தலை சுழன்று இன்னொரு முகம் காட்டும் மந்திரவாதி ஒருவன் வருகிறான். அவனைப் பார்த்ததும், அந்த வயதில் போர்வையைப் பல்லால் கடித்துக்கொண்டு பார்த்தது திரும்ப வந்துவிட்டது.

அந்த எண்ணைக் கேட்டு நான் பயந்ததும் அப்போதுதான் விளங்கியது. 1996இலோ 97இலோ பார்த்த பையனுக்கு 1994 ஏற்கெனவே முடிந்துபோன ஆண்டு. நிலா உடைந்து இரண்டு வருடம் ஆகிறது, நமக்கு யாரும் சொல்லவில்லை என்றுதான் நினைத்திருப்பேன். மொட்டை மாடிக்கு ஓடிப்போய் நிலா முழுதாக இருக்கிறதா என்று பார்த்த ஞாபகம் இருக்கிறது.

அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்து முடித்துவிட்டு, "கப்பல் எங்கே? குரங்குப் பறவை எங்கே?" என்றான். இரண்டும் இல்லை. தண்டாரின் 21 பகுதிகளையும் துழாவினேன். நாங்கள் தேடிய கருப்புத் தண்ணீரும் அதில் இல்லை. என் தலைக்குள் இத்தனை ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்தது ஒரு கார்ட்டூன் அல்ல, இரண்டு. எல்லாவற்றையும் ஒரே வரியில் போட்டுத் தேடியபோது ஏன் எதுவும் வரவில்லை என்பதற்கு இதுதான் காரணம். அப்படியொரு கார்ட்டூனை உலகில் யாரும் எடுக்கவில்லை.

நிலாவையும் வாளையும் கழித்துவிட்டுக் கடலை மட்டும் வைத்துக்கொண்டு ஹன்னா-பார்பரா பட்டியலுக்குத் திரும்பினேன். இந்த முறை பெயரே காட்டிக்கொடுத்துவிட்டது: 'த பைரேட்ஸ் ஆஃப் டார்க் வாட்டர்'. கருப்புத் தண்ணீர் கருப்புத் தண்ணீராகவே இருந்தது. மெர் என்ற வேற்றுலகத்தின் கடல்களை அது கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவருகிறது. ரென் என்ற இளவரசன் பதின்மூன்று புதையல்களையும் தேடி எடுத்தால்தான் அது அடங்கும். பறவையின் பெயர் நிட்லர். தின்பது மிங்கா என்ற பழம். 1991இல் ஐந்து பகுதிக் குறுந்தொடராகத் தொடங்கியிருக்கிறார்கள். கடல் நீல நிறம், கருப்பு நீர் அதற்குள் தனியாக எண்ணெய்போல் நெளிகிறது. எங்கள் டயனோராவில் நீலக் கடலே கருப்பாகத் தெரிந்திருக்கும். ஆனாலும் அதற்குள் நெளிந்த இன்னொரு கருப்பை என் கண் பிரித்துப் பார்த்திருக்கிறது. இதை அண்ணனிடம் அழுத்தமாகவே சொன்னேன்.

விஷயம் குடும்பத்தில் பரவியது. இரண்டு பேர் தங்கள் வழக்கோடு வந்தார்கள்.

பெரியப்பா மகள் கேட்டது தூர்தர்ஷன் காலத்துப் படம். பறவைகள் வலையோடு சேர்ந்து பறந்துபோகும், பின்னால் ஒரு பாட்டு, இரண்டு இந்திச் சொற்கள் மட்டும் வாயில் இருந்தன. வலையோடு பறக்கும் பறவைகள் பஞ்சதந்திரக் கதை என்பதால் அதை வைத்துத் தேடினால் ஆயிரம் வரும். இரண்டு சொற்களையும் காதில் கேட்டபடியே தட்டினேன். 'ஏக் அநேக் ஔர் ஏக்தா' உடனே வந்து நின்றது. 1974இல் ஃபிலிம்ஸ் டிவிஷன் வெளியிட்ட குறும்படம், இயக்கியவர் விஜயா முலே. சில நிமிடங்கள்தான் ஓடும். அக்கா அதைக் கைபேசியில் மூன்று முறை பார்த்தார். பாட்டை மட்டும் பாடிக்கொண்டே சமையலறைக்குப் போய்விட்டார்.

சித்தி மகன் வழக்கு இன்னும் தீரவில்லை. அவன் சுட்டி டிவி பார்த்து வளர்ந்தவன். 2007இல் அந்தச் சேனல் தொடங்கிய பிறகு எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கார்ட்டூன் தமிழில் பேச ஆரம்பித்தது. டோராவின் குள்ளநரியை இன்றைக்கும் ஊரே கிண்டலுக்கு இழுக்கிறது. இவனுக்கு வேண்டியது ஜாக்கி சானின் சாகசத் தொடரில் ஒரு பகுதி. அந்தத் தொடரில் மொத்தம் 95 பகுதிகள். ஆங்கிலப் பட்டியலைப் பார்த்து அது எந்தப் பகுதி என்று அரை மணி நேரத்தில் சொல்லிவிட்டேன். "அது வேண்டாம், தமிழில் பேசியதுதான் வேண்டும்" என்கிறான். ஜேடும் அந்தக் கிழட்டு மாமாவும் ஆங்கிலத்தில் பேசினால் அவனுக்கு அந்நியர்கள். தமிழ்க் குரல் கொடுத்தவர்கள் யார் என்று மூலத் தொடரின் பெயர்ப் பட்டியலில் இருக்காது. யாராவது டிவியில் ஓடியபோது பதிவு செய்து வைத்திருந்தால் உண்டு. துண்டு துண்டாகச் சில கிடைத்தன. ஒன்றில் வசனத்துக்கு நடுவே பதிவு செய்தவர் வீட்டுக் குக்கர் விசிலடிக்கிறது. அவன் அதையும் சேமித்துவைத்துக்கொண்டான்.

அண்ணனுக்கு ஒரு பழைய கணக்கு பாக்கி இருந்தது. அவன் பத்தாம் வகுப்புக்குப் போன ஆண்டு அப்பா கேபிளைத் துண்டித்துவிட்டார். கப்பல் கதை பாதியில் நின்றது. அந்த இளவரசன் கடைசியில் என்ன ஆனான் என்று தெரியாமலே போனதற்கு அப்பாதான் காரணம் என்று அவன் இன்றுவரை சொல்லிக்கொண்டிருந்தான். மொத்தம் 21 பகுதிகள். வார்னர் ஆர்க்கைவ் 2010இல் குறுந்தகடாகவே வெளியிட்டிருக்கிறது. இரண்டு வார இறுதிகளில் பார்த்து முடித்தோம். பதின்மூன்றில் எட்டுப் புதையல்கள் கிடைத்தன. ஒன்பதாவதைத் தேடிக் கிளம்புவார்கள் என்று பார்த்தால் தொடரே தீர்ந்துவிட்டது. நிறுவனம் அத்தோடு நிறுத்திவிட்டது. முடிவு என்று ஒன்றை எடுக்கவே இல்லை.

அண்ணன் ரிமோட்டைக் கீழே வைக்காமல் அப்பாவைப் பார்த்தான். அப்பா பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அதனால்தான் அப்போதே நிறுத்தினேன்" என்றார்.