அரை ஷிப்டும் ஆறாம் வகுப்புப் புத்தகமும்

27.04.2025, ஞாயிறு

டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வு அறிவிப்பு வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. 3,935 இடங்கள். தேர்வு ஜூலை 12. இந்த முறை எழுதியே தீருவது என்று வீட்டில் சொல்லிவிட்டேன்.

கேட்டவர்கள் எல்லாம் சொல்லும் யோசனை ஒன்றுதான்: காலையில் நாலு மணிக்கு எழுந்து படி. காலை எட்டரை முதல் ராத்திரி எட்டரை வரை பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்த்து, பஸ் பிடித்து அவிநாசி வந்து, சமைத்து, பாத்திரம் கழுவிப் படுக்கவே பதினொன்று ஆகிறது. இதில் நாலு மணிக்கு எப்படி எழுந்திருப்பது? தூக்கத்தில் கை வைத்தால் மறுநாள் செக்கிங் டேபிளில் கண் சொருகும், பீஸில் இருக்கும் ஓட்டை தப்பிவிடும். தூக்கத்தைத் தொடுவதில்லை. கம்பெனியிடம் கொஞ்சம், வீட்டாரிடம் கொஞ்சம் நேரம் கேட்டு வாங்கத்தான் வேண்டும். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

30.04.2025, புதன்

சூப்பர்வைசரிடம் பேசினேன். தேர்வு முடியும்வரை ஒரு ஷிப்ட் மட்டும், ஐந்தரைக்குக் கிளம்பிக்கொள்ளலாம். சரக்கு அனுப்பும் ஷிப்மென்ட் நெருங்கினால் மட்டும் இருக்க வேண்டும் என்றார். சரி என்றேன்.

அந்த அரை ஷிப்ட் காசில்தான் ஏலச்சீட்டு கட்டிக்கொண்டிருந்தோம். ராத்திரி வீட்டுக்காரரிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சீட்டு நான் பாத்துக்கறேன். நீ புஸ்தகத்த எடு" என்றார். பனியன் துணி பின்னும் நிட்டிங்கில் அவருக்கும் கூடுதல் வேலை உண்டு. என்னுடைய படிப்பு நேரத்துக்கு அவர் உழைப்பில் விலை கொடுக்கிறார் என்பது எனக்குத் தெரியும்.

08.05.2025, வியாழன்

நங்கை மகன் படித்து முடித்த ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையான புத்தகங்கள் வந்து சேர்ந்தன. எங்கே தொடங்குவது என்பதைக் கேள்வித்தாள் அமைப்பே சொல்லிவிடுகிறது. மொத்தம் 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். முதல் 100 கேள்வி தமிழ். அதில் 150க்கு 60 எடுக்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். மீதியில் 75 பொது அறிவு, 25 கணக்கு. நேரம் குறைவாக இருப்பவர்கள் தமிழில்தான் முதலில் கால் ஊன்ற வேண்டும். பலர் நடப்பு நிகழ்வுகளைத் துரத்திக்கொண்டு இதைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

22.05.2025, வியாழன்

நாள் முழுக்க டியூப் லைட் வெளிச்சத்தில் பனியனை விரித்து, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல், சிறு ஓட்டை என்று தேடி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை. சாயங்காலம் பஸ்ஸில் பொடி எழுத்தைப் பார்த்தால் வரிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அதனால் கண்ணுக்கு விடுமுறை கொடுத்து, காதுக்கு வேலை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பாடங்களை என் குரலிலேயே போனில் பதிவு செய்துகொள்கிறேன். குடவோலை முறை, உத்திரமேரூர் கல்வெட்டு. ஊராட்சிகளுக்கு அரசியலமைப்பில் இடம் தந்த 73ஆவது திருத்தம், 1992. பஸ்ஸில் போகவர இதையே கேட்கிறேன். அடுத்தவர் குரலில் கேட்பதைவிட இது நன்றாகப் பதிகிறது.

பேனா தேவைப்படும் கணக்கு மட்டும் வீட்டில், ஒன்பதிலிருந்து பத்து வரை.

03.06.2025, செவ்வாய்

நேற்றுப் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. மகள் நான்காம் வகுப்பு. காலையில் சடை, டிபன், தண்ணீர் பாட்டில். மே மாதம் போட்ட திட்டம் ஜூனுக்கு ஆகாது. அத்தை தானாகவே, "சடைய நான் பின்னிக்கறேன் அம்மிணி, நீ சோத்தப் பாரு" என்றார்.

14.06.2025, சனி

ஷிப்மென்ட். இந்த வாரத்தில் பாதி சாயங்காலம் கம்பெனியிலேயே போய்விட்டது. அதற்காகத் திட்டம் பாழ் என்று நான் நினைக்கவில்லை. வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமையில் கொஞ்சம் ஈடுகட்ட முடிகிறது. தினக் கணக்கு வைத்திருந்தால் மனம் விட்டுப்போயிருக்கும்.

ராத்திரி காலமும் வேலையும் கணக்குப் போட்டேன். ஒருவர் 10 நாளிலும் இன்னொருவர் 15 நாளிலும் முடிக்கும் வேலையை இருவரும் சேர்ந்து செய்தால் எத்தனை நாள்? பத்தில் ஒன்று, பதினைந்தில் ஒன்று, கூட்டினால் ஆறில் ஒன்று. ஆறு நாள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து வாய்ப்பாடு எழுதினாள். இந்த ஒரு மணி நேரம் அவளுக்கும் பிடித்துப்போய்விட்டது. டிவியை அணைக்கச் சொல்வதே இப்போது அவள்தான்.

06.07.2025, ஞாயிறு

காலை ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டரை வரை, தேர்வு நேரத்திலேயே ஒரு மாதிரித் தாள் எழுதினேன். அத்தை திண்ணையில் உட்கார்ந்து வந்தவர்களை அங்கேயே பேசி அனுப்பினார். அடுப்படி வீட்டுக்காரர் பொறுப்பு. தமிழ் நன்றாக வந்தது. கணக்கில் நேரம் இழுக்கிறது. 200 கேள்விக்கு 180 நிமிடம்தானே, ஒரு கணக்கில் சிக்கிக்கொண்டால் பின்னால் தெரிந்த கேள்விகள் போய்விடும். தமிழ், பொது அறிவு, கடைசியில் கணக்கு என்று வரிசை வைத்துக்கொண்டேன்.

12.07.2025, சனி

எழுதிவிட்டேன். தமிழ் நினைத்ததைவிடக் கடினம். வெளியே வந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் 60ஐத் தாண்டுவேன் என்று நம்புகிறேன். கணக்கு எல்லாம் போட நேரம் இருந்தது.

இன்று சம்பள நாள். சம்பளத்தைத் திங்கட்கிழமை வாங்கிக்கொள்ளச் சொல்லி சூப்பர்வைசர் போன் செய்தார். இனிமேல் பழையபடி ஒன்றரை ஷிப்ட் வரலாமே என்று கேட்டார். வாரத்தில் மூன்று நாள் மட்டும் வருகிறேன் என்றேன். சரி என்றிருக்கிறார்.