கிட்டல்மேன் நோய்: பொட்டாசியம் மாத்திரை போட்டும் அளவு ஏறாதது ஏன்?

இரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 2.7 மில்லிமோல், அதாவது மிகக் குறைவு. ஒரு வாரம் மாத்திரை கொடுத்தால் 3.2. நிறுத்தினால் பழையபடி 2.7. பேதி இல்லை, வாந்தி இல்லை, நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடவில்லை. அப்படியிருந்தும் இது திரும்பத் திரும்ப நடந்தால், பொட்டாசியத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. மூலகாரணம் உப்பில் இருக்கலாம்.

சிறுநீரக நுண்குழலின் கடைப்பகுதியில் சோடியத்தையும் குளோரைடையும் சேர்த்தே உள்ளே இழுக்கும் புரதம் ஒன்று உண்டு. வடிகட்டப்படும் சோடியத்தில் 5 முதல் 10 சதவீதம் வரை இங்கேதான் மீள்கிறது. அதை உருவாக்கும் எஸ்எல்சி12ஏ3 மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதாக வந்தால் கிட்டல்மேன் நோய். நீர் பிரியும் மாத்திரைகளில் ஒரு வகையான தையசைடு தடுப்பதும் இதே புரதத்தைத்தான். ஆகவே, பிறவியிலிருந்தே தினமும் தையசைடு சாப்பிடுகிற உடம்பு என்று இதை எண்ணிக்கொண்டால் பாதி புரிந்துவிடும்.

மீதிப் பாதி இது. உப்பு வெளியேறுவதால் உடலில் நீரளவு குறைகிறது, உப்பைக் காக்க உடல் சுரக்கும் ரெனினும் ஆல்டோஸ்டிரோனும் ஏறுகின்றன. ஆல்டோஸ்டிரோன் அடுத்த குழலில் சோடியத்தை மீட்கிறது. அதற்கு விலையாகப் பொட்டாசியமும் ஹைட்ரஜனும் சிறுநீரில் போகின்றன. இரத்தம் காரத்தன்மை அடைகிறது. ஆல்டோஸ்டிரோன் இவ்வளவு ஏறியும் இரத்த அழுத்தம் இயல்பாகவோ குறைவாகவோ இருப்பதுதான் நல்ல துப்பு.

பரிசோதனையில் முதலில் கேட்க வேண்டியது சிறுநீர்க் குளோரைடு. ரகசியமாக வாந்தி எடுப்பவருக்கு அது மிகக் குறைவாக இருக்கும். கிட்டல்மேனில் லிட்டருக்கு 20 மில்லிமோலுக்கு மேல் இருக்கும். நீர் பிரியும் மாத்திரையை மறைத்துச் சாப்பிடுபவருக்கும் குளோரைடு கூடும் என்பதால் அதற்கான சிறுநீர்ச் சோதனையும் வேண்டும். இரத்தத்தில் மெக்னீசியமும் சிறுநீரில் கால்சியமும் குறைந்திருந்தால் சந்தேகம் வலுக்கும். இதேபோல் உப்பை இழக்கும் இன்னொரு பிறவி நோயான பார்ட்டர் நோயில் சிறுநீர்க் கால்சியம் பெரும்பாலும் குறைவதில்லை. மரபணுச் சோதனை உறுதிசெய்யும். உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் நோய் இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. அவர்களுக்கும் இரத்தச் சோதனை செய்துவிடுவது நல்லது.

இரத்தம் எடுக்கும்போது கையை இறுக மூடித் திறக்கச் சொன்னாலோ, குழாயில் செல்கள் உடைந்தாலோ பொட்டாசியம் கூடுதலாகக் காட்டும். உண்மையில் குறைவாக இருப்பது அப்படி மறைந்துபோகும்.

இனி மாத்திரை ஏன் பலிப்பதில்லை என்ற கேள்வி. பெரும்பாலும் மெக்னீசியத்தை மறந்ததுதான் காரணம். செல்லுக்குள் மெக்னீசியம் குறைந்தால் பொட்டாசியம் வெளியேறும் வாசல் திறந்தே கிடக்கும். எவ்வளவு ஊற்றினாலும் வடிந்துவிடும். பெரியவர்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் 300 மில்லிகிராம் தனி மெக்னீசியத்தில் (உப்பின் மொத்த எடையல்ல, அதிலுள்ள மெக்னீசியம் மட்டும்) தொடங்கி, இரண்டு முதல் நான்கு வேளையாகப் பிரித்து, உணவோடு கொடுப்பார்கள். மொத்தமாகப் போட்டால் பேதியாகி, சேர்த்ததும் போய்விடும். மெக்னீசியம் ஆக்சைடு சரியாக உறிஞ்சப்படாது. சிட்ரேட், ஆஸ்பார்ட்டேட், லாக்டேட் மேல்.

பொட்டாசியமோ குளோரைடு உப்பாகவே இருக்க வேண்டும். இழப்பது குளோரைடையும்தான், சிட்ரேட்டோ பைகார்பனேட்டோ கொடுத்தால் காரத்தன்மை இன்னும் கூடும். தொடக்க அளவு பெரியவர்களுக்கு நாளுக்கு 40 மில்லிமோலாவது இருக்கும். 600 மில்லிகிராம் மாத்திரையில் 8 மில்லிமோல்தான், அதாவது ஐந்து மாத்திரை. வயிற்றெரிச்சலுக்கு ஒமிப்ரசோல் வகையை எழுதிவிடுவது சகஜம். அது மெக்னீசியத்தை மேலும் இறக்கும். அளவுகளை மருத்துவரே முடிவுசெய்ய வேண்டும்.

பொட்டாசியத்தை 4-க்கு ஏற்றியே தீர்வேன் என்று துரத்துவது வீண். பொட்டாசியம் 3.0, மெக்னீசியம் லிட்டருக்கு 0.6 மில்லிமோல்: இலக்கு அவ்வளவுதான். உப்பைக் குறைக்கச் சொல்லும் வழக்கமான அறிவுரை இவர்களுக்குப் பொருந்தாது. நாக்கு கேட்கிற உப்பை உடம்பே கேட்கிறது. அமிலோரைடு, எப்லெரினோன் ஆகிய மருந்துகள் பொட்டாசியக் கசிவைக் குறைக்கும், ஆனால் உப்பிழப்பைக் கூட்டும். அழுத்தம் தாழ்ந்து தலைசுற்றலாம். ஈசிஜியில் தெரியும் கியூடி இடைவெளியை (இதயத் துடிப்பு ஒவ்வொன்றிலும் மின் இயக்கம் முடிய ஆகும் நேரம்) நீட்டும் மருந்துகளைத் தொடங்குமுன் ஈசிஜி அவசியம்.

வாந்தியோ பேதியோ வந்தால் மாத்திரை தங்காது, பொட்டாசியம் அளவு சில மணி நேரத்தில் இறங்கிவிடலாம். படபடப்பு, கால் தளர்ச்சி, மயக்கம் இருந்தால் உடனே மருத்துவமனை. அங்கே பொட்டாசியத்தைக் குளுக்கோஸ் டிரிப்பில் கலக்காமல் சலைனில் கலந்து ஏற்றச் சொல்ல வேண்டும். குளுக்கோஸ் ஏறினால் இன்சுலின் சுரந்து, இருக்கிற பொட்டாசியத்தையும் செல்லுக்குள் தள்ளிவிடும்.