பத்துக் கல்லுக்கு 9.8

மலேசியாவில், கிள்ளானில் இருந்தவரை, உன் வண்டி லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. பெட்ரோலை அங்கே எண்ணெய் என்போம். ரோன் 95 என்ற பெட்ரோல் வகை பல வருடங்களாக லிட்டர் 2.05 ரிங்கிட் என்றே நின்றது. அப்போதைய இந்தியக் கணக்கில் 40 ரூபாய் பக்கம் வந்தது. நாமே குழாயை எடுத்து ஊற்றிக்கொண்டு கிளம்பிவிடுவோம்.

கல்யாணமாகி கன்னியாகுமரி மாவட்டத்தின் குலசேகரத்துக்கு வந்த முதல் வாரம், வீட்டுக்கு வந்தவர்கள் முற்றத்தில் நின்ற ஸ்விஃப்டைப் பார்த்து, "எவ்வளவு கெடைக்கும்?" என்று கேட்டார்கள். என்ன கிடைக்கும் என்றே எனக்குப் புரியவில்லை. மாமாதான் "18.2" என்றார். அவரிடம் ஒரு நோட்டு இருக்கிறது. ஒவ்வொரு முறையும் டாங்கை நிரப்பி, மீட்டர் காட்டும் கிலோமீட்டரையும் ஊற்றிய லிட்டரையும் அதில் எழுதி வகுத்து வைப்பார். இங்கே பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய்க்கு மேல் என்று தெரிந்த பிறகு அந்த நோட்டின் அர்த்தம் எனக்கும் பிடிபட்டது.

வண்டி ஓட்டுவதில் எனக்குப் பெரிய சிரமம் இல்லை. மலேசியாவிலும் இடப்பக்கம்தான் ஓட்டுவோம். பயமெல்லாம் பள்ளங்களைப் பற்றித்தான். இந்த மாவட்டத்துக்கு மழை இரண்டு முறை வரும், ஜூனில் ஒன்று, அக்டோபரில் ஒன்று. ஒரு மழை பறித்த பள்ளத்தை மூடி முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். வேகத்தடை ஒவ்வொன்றிலும் வண்டியின் அடி தட்டும். அந்தச் சத்தம் கேட்டாலே எனக்கு வயிறு கலங்கும். டயர் தேய்ந்து மாற்ற வேண்டி வந்தபோது கடைக்காரர் சொன்னார்: "பெருசா போட்டா வண்டி தூக்கி நிக்கும். மைலேஜ் ஒண்ணும் குறையாது." நான் நம்பினேன். 165/80 ஆர்14 இருந்த இடத்தில் அலாய் வீலோடு 195/65 ஆர்15 வந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

அடுத்த மூன்று முறை நிரப்பியபோது நோட்டில் விழுந்தவை 17.0, 16.9, 17.1.

மாமா என்னிடம் கோபப்படவில்லை. பென்சிலோடு திண்ணையில் உட்கார்ந்து டயரின் பக்கவாட்டு எண்களை எனக்கு விளக்கினார். 195 என்பது மில்லிமீட்டரில் அகலம். 65 என்பது அந்த அகலத்தில் 65 சதவீதம் பக்கச்சுவரின் உயரம். 15 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். மூன்றையும் வைத்துக் கணக்குப் போட்டால் புது டயரின் மொத்த விட்டம் 634.5 மில்லிமீட்டர், பழையது 619.6. பாதியை எடுத்தால் வண்டி உயர்ந்தது வெறும் 7 மில்லிமீட்டர். இந்த 7 மில்லிமீட்டருக்காகவா இவ்வளவு செலவு என்று எனக்கு அழுகையே வந்தது.

"மீட்டர் பொய் சொல்லுது மக்களே, டயரும் கொஞ்சம் தின்னுது. ரெண்டையும் பிரிச்சுப் பாக்கணும்" என்றார்.

மீட்டருக்குச் சாலை தெரியாது, சக்கரத்தின் சுற்று மட்டும்தான் தெரியும். பழைய டயர் ஒரு கிலோமீட்டருக்கு 514 சுற்று சுற்றும். பெரிய டயருக்கு 502 போதும். ஆனால் மீட்டர் 514 சுற்று வந்தால்தான் ஒரு கிலோமீட்டர் என்று எழுதும். ஆக, வண்டி ஓடிய தூரம் நோட்டில் குறைந்து விழுகிறது. இதைச் சோதிக்க ஞாயிறு காலை இருவரும் தக்கலைக்குப் போய், மார்த்தாண்டம் நோக்கித் தேசிய நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கற்களை எண்ணிக்கொண்டே ஓட்டினோம். பத்துக் கல் தாண்டியபோது மீட்டர் காட்டியது 9.8. பழைய டயரில் இதே தூரத்துக்குச் சரியாக 10 காட்டியது நோட்டின் பழைய பக்கம் ஒன்றில் இருக்கிறது!

அந்த 2.4 சதவீதத்தைச் சேர்த்தால் 17.0 என்பது உண்மையில் 17.4. குறைந்ததாகத் தெரிந்த 1.2 கிலோமீட்டரில் 0.4 மீட்டரின் பொய். மீதி 0.8 உண்மையான இழப்பு.

அந்த இழப்பு எங்கே போகிறது என்பதையும் அவர் கையாலேயே காட்டினார். நெடுஞ்சாலையில் ஓடி நின்றதும், "தொட்டுப் பாரு" என்றார். டயர் சுட்டது. உருளும்போது ரப்பர் நசுங்கி நசுங்கி நிமிர்கிறது. ஒவ்வொரு நசுங்கலிலும் கொஞ்சம் சக்தி சூடாகிப் போய்விடுகிறது. அந்தச் சூடு நாம் காசு கொடுத்து வாங்கிய பெட்ரோல். அகலமான டயர் காற்றையும் அதிகம் தள்ள வேண்டும். எங்களுடையதில் எடையும் கூடியிருந்தது, அதுவும் சக்கரத்தின் விளிம்பில். தக்கலை சந்திப்பில் நின்று நின்று போகும்போது, அந்தக் கனத்தை ஒவ்வொரு முறையும் புதிதாகச் சுழற்றிவிட வேண்டியிருக்கிறது.

விட்டம் பெரிதானால் கியரின் விகிதமும் மாறியது போலத்தான். சமதளமான நீண்ட சாலையில் எஞ்சின் கொஞ்சம் மெதுவாகச் சுற்றுவதால் அது லாபமாகக்கூட முடியலாம். ஆனால் நாகர்கோவிலைத் தாண்டி மேற்கே வரவர இங்கே எல்லாம் ஏற்றமும் இறக்கமும். நான்காவது கியரில் ஏறிய இடங்களில் நான் மூன்றுக்கு வரத் தொடங்கியிருந்தேன். அதை அப்போது கவனிக்கவே இல்லை.

மாமா ரப்பர் அறிந்தவர். வீட்டுக்குப் பின்னால் 60 சென்ட் ரப்பர் விளை இருக்கிறது. இந்த ஊருக்கு வந்த புதிதில் எல்லாம் அந்நியமாக இருந்தபோது, மரத்தில் உறைந்த ரப்பர் பாலான ஒட்டுப்பாலின் அந்தப் புளித்த நாற்றம் மட்டும்தான் எனக்குச் சொந்தமாக இருந்தது. என் பாட்டி மலேசியாவின் சிலாங்கூர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். விடுமுறைக்குப் போனால் அவர் கையில் அதே மணம் இருக்கும். அதை முதன்முதலில் சொன்னபோது மாமா என்னைக் கூட்டிப்போய் ஒவ்வொரு மரமாகக் காட்டினார். மாமி சோறு ஆறிப்போகுதென்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

சரி, டயருக்கு வருகிறேன். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடும் எங்களுக்கு அந்த இழப்பு இரண்டரை லிட்டர். பெரிய தொகை இல்லைதான். ஆனால் நாள் முழுக்க ஓடும் டாக்ஸிக்காரர்களுக்கு இதே சதவீதம் எவ்வளவு ஆகும் என்று நினைத்தால் அந்தக் கடைக்காரரின் பேச்சு இன்றும் உறுத்துகிறது. அளவை மாற்றினால் இன்னது நடக்கும் என்று சொல்லிவிட்டு விற்றிருக்கலாம்.

அலாய் வீலைக் கழற்ற வேண்டியிருக்கவில்லை. ஸ்விஃப்டின் உயர்ந்த வகைகளுக்கு நிறுவனமே 185/65 ஆர்15 கொடுக்கிறது. அதன் விட்டம் 621.5, பழையதற்கு 2 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். அதையே போட்டோம். மறுபடியும் தக்கலை, மறுபடியும் பத்துக் கல். மீட்டரில் 10.0. நோட்டில் 17.8, 17.9, 17.9. பழைய 18.2 முழுதாகத் திரும்பவில்லை. அகலமும் ரிம்மின் எடையும் கொஞ்சம் தின்னத்தானே செய்யும் என்று மாமா ஒத்துக்கொண்டார். வேகத்தடைகளை நான் இப்போது சாய்வாக, மெதுவாக ஏறி இறங்குகிறேன். அடி தட்டுவதில்லை.

போன வாரம் கிள்ளானிலிருந்து அண்ணன் பேசினார். புது மைவி கார் வாங்கியிருக்கிறாராம். "எவ்வளவு கிடைக்குது?" என்று கேட்டேன். "என்ன எவ்வளவு?" என்றார்.

"லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்?"

"முழு டாங்க் எண்ணெய் போட்டா ஒரு வாரம் ஓடும்மா."

நிரப்பும்போது மீட்டரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.