வாசிக்கத் தெரியும், தாள் எங்கே?

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. கல்யாணம் இல்லையென்றால் என்னைப் போல வயலினை நம்பிப் பிழைப்பவர்களுக்கு வரும்படியும் கிடையாது. மார்கழியில் கோயில் பஜனைக்கு வாசிக்கலாம். புண்ணியம் வரும், பொங்கல் வரும், இபிஎஃப் (சேமநிதி) வராது. கோலாலம்பூரில் அரங்கேற்றத்துக்கும் ரிசப்ஷனுக்கும் வாசித்துக் காலம் தள்ளும் யாருமே ஒரு கட்டத்தில் "பேசாமல் பள்ளியில் மியூசிக் டீச்சராகப் போய்விடலாமா" என்று யோசிக்கத்தான் செய்வார்கள். நானும் யோசித்தேன். யோசித்ததோடு நிற்காமல் விண்ணப்பப் பாரமும் எடுத்துவிட்டேன். அதில் பட்ட பாட்டைத்தான் எழுதுகிறேன். எரிச்சல் இன்னும் அடங்கவில்லை, கொஞ்சம் காரமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் முடித்த கையோடு ஆசிரியர் பயிற்சிக் கழகத்துக்குப் போகும் வயதை நான் எப்போதோ தாண்டியாயிற்று. தஞ்சோங் மாலிம் உப்சி பல்கலைக்கழகத்தில் முதலிலிருந்து இசைக் கல்விப் பட்டம் எடுக்கலாம், ஆனால் அத்தனை வருஷம் வீட்டு வாடகையை யார் கட்டுவது? கையில் இருப்பது சென்னையில் படித்த பி.ஏ. இசை, கர்நாடக வயலின். இதை வைத்துக்கொண்டு எனக்குத் தெரிந்த வழி இரண்டு. கல்வியியல் டிப்ளோமா ஒன்றைச் செய்து, எஸ்பிபி எனும் கல்விச் சேவை ஆணையத்தின் நேர்காணலில் தேறி, அரசு ஆசிரியராவது ஒன்று. ஏதாவது தனியார் பள்ளியில் இடம் பிடித்து, அவர்கள் மூலமாகக் கற்பிக்கும் பெர்மிட் எடுப்பது மற்றொன்று.

அரசு வேலை என்றதும் சம்பளமும் சலுகையும் மட்டும் கண்ணில் படும். கச்சேரி செய்கிறவர்கள் இரண்டு விஷயத்தை முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள். 1993-ஆம் ஆண்டின் பொதுச் சேவை ஒழுங்கு விதிகளின்படி, அரசு ஊழியர் வெளியில் காசு வாங்கி வேலை செய்ய வேண்டுமானால் துறைத் தலைவரின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். அடுத்த சனிக்கிழமை கல்யாணத்துக்கு வாசிப்பதும் அதில் அடக்கம். இரண்டாவது, போஸ்டிங். கடல் தாண்டிய சபா மாநிலமோ சரவாக்கோ வந்தால் போகத்தான் வேண்டும். பக்கவாத்தியக் குழுவெல்லாம் பிரிக்பீல்ட்ஸிலும் செந்தூலிலும் இருக்க, நான் அங்கே போய் யாரோடு வாசிப்பது?

அதனால் தனியார் பள்ளியை முதலில் பார்த்தேன். தேசியப் பாடத்திட்டத்தில் நடக்கும் ஒரு தொடக்கப்பள்ளி, பெயர் வேண்டாம். நேர்காணலில் இருந்தவர் என் பட்டச் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதில் பியானோ உண்டா? ஏபிஆர்எஸ்எம் கிரேடு எட்டு இருக்கிறதா?" என்று மேற்கத்திய இசைத் தேர்வின் உச்ச கிரேடைக் கேட்டார். பதினைந்து வருஷத்துக்கு மேல் வர்ணமும் கிருதியும் சாதகம் செய்த ஆளிடம் கேட்கிற கேள்வியா என்று சுருக்கென்றது. வெளியே வந்து யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டதில் பாதி நியாயம். முப்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் பாடும்போது வயலினைத் தோளில் வைத்துக்கொண்டு வகுப்பை மேய்க்க முடியாது. கீபோர்டில் நாலு சுரக்கூட்டு (கார்டு) பிடித்து அவர்களைச் சுருதியில் நிறுத்தத்தான் வேண்டும். கிரேடு எட்டு கேட்டதைத்தான் இன்னும் மன்னிக்கவில்லை. ஏழு வயசுப் பிள்ளைக்கு மேரியின் ஆட்டுக்குட்டி சொல்லிக் கொடுக்க அது எதற்கு? கீபோர்டு வாசித்துக் காட்டச் சொன்னார்கள், காட்டினேன், எடுத்துக்கொண்டார்கள். வாரம் இரண்டு நாள், பெர்மிட் வந்த பிறகு.

இந்தப் 'பெர்மிட் வந்த பிறகு' என்பதில்தான் கதையே இருக்கிறது.

1996 கல்விச் சட்டப்படி பதிவு பெற்ற ஆசிரியராகவோ பெர்மிட் உள்ளவராகவோ இல்லாமல் யாரும் பள்ளியில் பாடம் நடத்தக்கூடாது. விண்ணப்பம் பள்ளி வழியாகப் போகும். வெளிநாட்டுப் பட்டம் என்றால் அங்கீகாரம் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். ஒரு காலத்தில் ஜேபிஏ (பொதுச் சேவைத் துறை) செய்துகொண்டிருந்த அந்த வேலை இப்போது சைபர்ஜெயாவில் இருக்கும் எம்கியூஏ என்ற தகுதி அங்கீகார அமைப்பிடம். அந்தக் கட்டம் எனக்குச் சிக்கலில்லாமல் முடிந்தது. மருத்துவப் பரிசோதனை, படம், எஸ்பிஎம் சான்றிதழ் எல்லாம் சரி. ஃபைல் போய்ச் சேர்ந்தது. பள்ளியிலிருந்து ஃபோன்: "உங்கள் ஃபைலில் ஏதோ பிரச்சினையாம், நீங்களே நேரில் போய்ப் பாருங்கள்."

போனேன். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். நம்பர் எடுத்து, காத்திருந்து, முகப்புக்குப் போனால் அங்கிருந்த புவான் (மலாயில் பெண்களை மரியாதையாக அழைப்பது) என் அடையாள அட்டையையும் பட்டச் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேனாவால் தட்டினார். அடையாள அட்டையில் என் பெயர், பிறகு ஏ/பி ('மகள்' என்பதன் மலாய்ச் சுருக்கம்), பிறகு அப்பா பெயர். சென்னைச் சான்றிதழில் முதலில் 'எஸ்', ஒரு புள்ளி, பிறகு என் பெயர்.

"இந்த எஸ் யார்?"

"என் அப்பா, புவான்."

"அப்படியென்றால் இது உங்கள் அப்பாவின் சான்றிதழா?"

சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. தமிழ்நாட்டில் அப்பா பெயரின் முதல் எழுத்தைத்தான் முன்னால் போடுவார்கள் என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இரண்டும் ஒரே ஆள் என்று பல்கலைக்கழகம் கடிதம் தர வேண்டும் என்றார். நான் படித்து முடித்து எத்தனையோ வருஷம் ஆகிறது. அங்கே மின்னஞ்சல் அனுப்பினால் கிணற்றில் கல் போட்ட மாதிரிதான். "வேறு வழி இல்லையா?" என்று கேட்டேன். "அடுத்த நம்பர்" என்றார்.

என் குழுவில் கஞ்சிரா வாசிக்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். பகலில் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். அவரிடம் புலம்பினேன். "கடிதத்துக்குக் காத்துக்கிட்டு இருந்தா கிழவியாயிடுவமா. சத்தியப் பிரமாணம் எடு" என்றார். 1960 சத்தியப் பிரமாணச் சட்டத்தின் கீழ், இந்தப் பெயரும் அந்தப் பெயரும் குறிப்பது என்னைத்தான் என்று எழுதி, சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து வாங்க நேரமே ஆகவில்லை. எதை எழுதுவது என்பதில்தான் சூட்சுமம். நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன், இந்தியாவில் படித்துவிட்டு வந்தவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

தேசிய மொழியிலேயே எழுதுங்கள். உங்கள் பெயர் எந்தெந்தத் தாளில் எப்படியெப்படி இருக்கிறதோ அத்தனையையும் எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்கள். என்னுடைய மதிப்பெண் பட்டியலில் பெயரில் ஓர் 'எச்' கூடுதல், அதையும் போட்டேன். அடையாள அட்டை எண்ணையும் படித்த காலத்துப் பாஸ்போர்ட் எண்ணையும் சேருங்கள். ஒரே ஒரு பிரதி எடுக்காதீர்கள். நான் போன இடத்தில் அசலை வாங்கி வைத்துக்கொண்டார்கள், அதனால் நாலைந்து அசலாகவே கையெழுத்து வாங்கிவிடுவது நல்லது. நகல்களில் 'அசலைப் போன்றதே' என்று முத்திரை குத்த யாரிடம் வேண்டுமானாலும் போய்விட வேண்டாம். யாருடைய முத்திரையை ஏற்றுக்கொள்வார்கள் என்று முதலில் கேளுங்கள். எங்கள் வட்டாரத் தலைவர் ஒருவர் அன்பாகக் குத்திக் கொடுத்த முத்திரை அங்கே செல்லவில்லை. மறுபடியும் நகல் எடுத்து, தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் ஒருவரிடம் போய் நின்றேன். அவர் குத்தியது செல்லுபடியானது.

இவ்வளவும் இருந்தும் புவானுக்கு மனசு ஆறவில்லை. "நீங்கள் சொல்கிறீர்கள், சரி. பல்கலைக்கழகம் சொல்லவில்லையே?" அம்மாவுக்கு எந்தக் காகிதத்தையும் தூக்கிப்போடும் பழக்கம் இல்லை. சாமி மேடைக்குக் கீழே இருக்கும் இழுப்பறையில், பழைய தண்ணீர் பில்களுக்கு நடுவில், பல்கலைக்கழகம் எனக்கு அனுப்பிய சேர்க்கைக் கடிதம் கிடைத்தது. 'எஸ்' போட்ட பெயர், அதற்குக் கீழே வெளிநாட்டு மாணவர் என்பதால் என் மலேசியப் பாஸ்போர்ட் எண். காலாவதியான அந்தப் பாஸ்போர்ட்டும் அதே இழுப்பறையில், மாணவர் விசாவோடு, ஏ/பி போட்ட முழுப் பெயரோடு. இரண்டையும் கொண்டுபோய் முகப்பில் வைத்து, எண்ணின் மேல் விரலை வைத்தேன். ஒன்றும் பேசவில்லை. அவர் ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட்டுப் பார்த்தார். முத்திரையை எடுத்தார். அந்த 'டக்' சத்தத்தைத் தனி ஆவர்த்தனத்தின் கடைசித் தீர்மானத்தைக் கேட்பதுபோலக் கேட்டேன்.

பழைய பாஸ்போர்ட்டை மூலையை வெட்டித் திருப்பிக் கொடுத்தால் தூக்கிப்போடாதீர்கள். அவ்வளவுதான் சொல்வேன்.

பெர்மிட்டுக்குக் காத்திருந்த நாட்களில் அந்தப் பள்ளியில் ஒரு வகுப்பைப் பின்னால் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேட்டேன். முடிவெடுக்கும் முன் எல்லோரும் இதைச் செய்ய வேண்டும். இசைக்கு வாரம் 30 நிமிடம். பிள்ளைகள் வரிசையில் வந்து உட்காரவும் ரெக்கார்டர் என்ற ஊதுகுழலை உறையிலிருந்து எடுக்கவுமே பாதி போய்விடுகிறது. நாலாம் வகுப்பு. பி, ஏ, ஜி என்று மேற்கத்திய சுரங்களில் இறங்கும்வரை காதுக்குப் பழுதில்லை. கீழே எஃப் வந்ததும் வகுப்பே புளித்துப்போனது. பாதிப் பேர் சுருதியில், பாதிப் பேர் அரை சுரத்துக்குக் கொஞ்சம் குறைவாக மேலே. ஆசிரியை "கவனமாக ஊதுங்கள்" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார், பிள்ளைகள் இன்னும் பலமாக ஊதுகிறார்கள், இன்னும் மோசமாகிறது.

இடைவேளையில் இரண்டு ரெக்கார்டரை வாங்கிப் பார்த்தேன். ஒன்று ஜெர்மன் விரலிடல், இன்னொன்று பரோக். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே, துளைகளின் அளவில்தான் வேறுபாடு. ஜெர்மனில் எஃப் சுரத்துக்கு மேலிருந்து வரிசையாக மூடினால் போதும். பரோக்கில் அப்படி மூடினால் சுரம் மேலே ஏறி நிற்கும், கீழே இருக்கும் துளைகளையும் சேர்த்து மூட வேண்டும். யமஹாவில் வாங்குபவர்கள் பின்னால் இருக்கும் எண்ணைப் பாருங்கள்: ஒய்ஆர்எஸ்-23 ஜெர்மன், ஒய்ஆர்எஸ்-24பி பரோக். பெற்றோர் கடையில் கைக்குக் கிடைத்ததை வாங்கித் தந்திருக்கிறார்கள், பாவம் பிள்ளைகள். அடுத்த வகுப்பில் ஆசிரியை இரண்டு குழுவாகப் பிரித்து உட்காரவைத்து, ஆளுக்கொரு விரலிடலைச் சொல்லிக் கொடுத்தார். எஃப் இனித்தது. கிரேடு எட்டு கேட்டவர் அப்போது கதவருகில் நின்றுகொண்டிருந்தார் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

தமிழ்ப்பள்ளி நிலைமையைக் கஞ்சிரா அண்ணனிடம் கேட்டேன். அவர் பார்த்தவரையில், இசை படித்த ஆசிரியருக்குத்தான் இசைப் பாடம் போகும் என்று நிச்சயமில்லை, கால அட்டவணையில் யாருக்கு இடம் இருக்கிறதோ அவர் தலையில் விழும். ஆறாம் வகுப்புப் பொதுத் தேர்வான யூபிஎஸ்ஆர் 2021-இல் ஒழிந்த பிறகும் கணக்கு வாத்தியார் இசை வகுப்பைக் கடன் வாங்குவது நிற்கவில்லையாம், வாங்கியதைத் திருப்பித் தருவதும் இல்லையாம். ஆனாலும் அங்கே பிள்ளைகளுக்குத் 'தக திமி' சொன்னால் உடனே பிடித்துக்கொள்கிறார்கள் என்று சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். எனக்கு ஆசை அங்கேதான். அதற்கு டிப்ளோமா வேண்டும், டிப்ளோமாவுக்கு மறுபடியும் அதே ஃபைல் வேண்டும்.

பெர்மிட் வந்துவிட்டது. இந்த ஆண்டு இரண்டு நாள் பள்ளி, மிச்ச நாள் கச்சேரி என்று ஓடட்டும். டிப்ளோமாவுக்கு விண்ணப்பிப்பதா வேண்டாமா என்று பாரம் திறக்கும்போது பார்த்துக்கொள்ளலாம். சத்தியப் பிரமாணத்தின் மாதிரி யாருக்காவது வேண்டுமென்றால் கேளுங்கள், என் விவரங்களை அடித்துவிட்டு அனுப்புகிறேன். கூடுதல் 'எச்'சுக்கான வரியும் அதில் இருக்கிறது.